வியாழக்கிழமைக் கேள்வி

எங்கள் சேவைக் கிளப்பில் அவரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். என்னைவிட எட்டு வயது சின்னவர். எனக்கும் அக்காதான். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர்களுக்கு அப்படி ஒரு மரியாதை தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. அவர்கள் "நிறுத்துங்க" என்றால் நிறுத்தித்தானே ஆகவேண்டும்? அவருடைய காரில் ஸ்டீயரிங் ஒன்று, பிரேக் இரண்டு. முதலாவது ஓட்டக் கற்றுக்கொள்கிறவரின் காலுக்கு. இரண்டாவது பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கும் அக்காவின் காலுக்கு. எங்கள் தலைவர் ஒரு பல் டாக்டர். அவர்தான் அக்காவுக்கு 'ரெண்டாவது பிரேக்' என்று பட்டப்பெயர் வைத்தார். கூட்டத்தில் யாராவது ஒரு திட்டத்தை வாய்க்கு வந்த வேகத்தில் ஓட்டிக்கொண்டு போனால், அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்பார். வண்டி அங்கேயே நின்றுவிடும்.

நான் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். பதினான்கு வருடமாகக் கிளப்பின் செயலாளர். கூட்டத்தில் நடப்பதை எழுதிவைக்கும் மினிட்ஸ் புத்தகம் என் கையில் இருக்கிறது. ஆகவே நான் சொல்வதில் நடந்தது எதுவும் தப்பாது. கோபம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். அதற்கு மன்னிப்புக் கேட்கப்போவதில்லை.

கூட்டம் வியாழக்கிழமை மாலை ஆறரை மணிக்கு, நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் கூடத்தில். நாற்பது நாற்காலி, அதில் பதினேழு பேர். இரண்டு மின்விசிறி, அதில் ஒன்று முனகிக்கொண்டேதான் சுற்றும். ஒரு மைக். வாயைப் பக்கத்தில் கொண்டுபோனால் விசிலடிக்கும், தள்ளினால் மௌனவிரதம் இருக்கும். வாராவாரம் வெளியிலிருந்து ஒருவர் வந்து இருபது நிமிடம் பேச வேண்டும் என்பது எங்கள் முறை. இருபதாவது நிமிடம் தலைவர் மேஜை மணியை அடிப்பார். அடித்தால் நிறுத்திவிட வேண்டும், பாதி வாக்கியமானாலும் சரி. அப்புறம் பத்து நிமிடம் உறுப்பினர்களின் கேள்விகள், நன்றியுரை, பேசியவருக்குப் பரிசாக ஒரு பிளாஸ்க், எல்லோருக்கும் டீ. இந்த ஊரில் பாதி வீட்டில் எங்கள் பிளாஸ்க் இருக்கிறது.

ஒன்பது வருடத்துக்கு முன்பு இந்த முறை இழுத்துக்கொண்டு கிடந்தது. பேச்சாளர்களைப் பிடிக்கும் பொறுப்பு அப்போது பர்னிச்சர் கடைக்காரரிடம் இருந்தது. அவர் தன் மைத்துனர்களையே சுற்றிச் சுற்றிக் கூப்பிட்டார். மூன்று மைத்துனர்களும் ஆளுக்கு இரண்டு முறை பேசி முடித்த பிறகு, ஒரு வாரம் யாருமே வரவில்லை. பல் டாக்டர் எழுந்து ஈறு நோய்ப் படங்களைத் திரையில் போட்டுக் காட்டினார். அன்றைக்கு டீயோடு வைத்த பிஸ்கட் ஒன்றுகூடக் காலியாகவில்லை. கிளப்பில் சேர்ந்து மூன்றே வாரமான அக்கா கையைத் தூக்கினார்.

"பேசறவங்களை நான் பிடிச்சுத் தர்றேன். வாரம் தவறாது."

"எங்கேருந்தும்மா பிடிப்பீங்க?" என்று பர்னிச்சர் கடைக்காரர் சிரித்தார்.

"என் கார்லேருந்துதான்."

சொன்னபடியே செய்தார். ஊரில் என்றைக்காவது ஒருநாள் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வராத ஆள் யார்? தேனீ வளர்ப்பவர் வந்தார், தீயணைப்பு நிலைய அதிகாரி வந்தார், எறும்புகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண்மணிகூட வந்தார். ஒருத்தராவது மாட்டேன் என்று சொல்ல மாட்டார்களா என்று அக்காவிடம் கேட்டேன்.

"ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிட்டுத்தான் கேப்பேன் அண்ணே. ரெண்டு கையும் ஸ்டீயரிங்ல, கண்ணு பின்னாடி. அந்த நேரத்துல மாட்டேன்னு சொல்ல யாருக்குத் தெம்பு இருக்கும்?"

அவருடைய வீட்டு முன்னறைதான் ஸ்கூல். சுவர் நிறையச் சாலைக் குறியீடுகள், மேஜையில் கோடு போட்ட அட்டையும் நான்கு பொம்மைக் கார்களும். கழுத்தில் எப்போதும் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கும். கற்றுக்கொள்கிறவர் பிரேக்கை மிதிக்க எவ்வளவு நேரம் எடுக்கிறார் என்று அளப்பதற்கு. கணவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார். நாளைக்குப் பத்து வார்த்தை பேசுவார், அதில் ஆறு சாப்பாட்டைப் பற்றி இருக்கும். பேச்சாளர்களைப் பற்றி அக்கா ஒரு நீல நோட்டில் குறித்துவைப்பார். ஒருநாள் எட்டிப் பார்த்தேன். 'எறும்பு: நல்ல விஷயம் இருக்கு, இடது பக்கம் திரும்ப பயம்' என்று எழுதியிருந்தது.

முதல் வருடம் எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரே ஒரு தொல்லைதான் இருந்தது. கேள்வி நேரத்தில் அக்கா எழுந்து நிற்பார். வந்தவர் வானத்தைப் பற்றிப் பேசினாலும் வயிற்றைப் பற்றிப் பேசினாலும் அக்காவின் கேள்வி ஒன்றுதான்.

"பெரிய ஆஸ்பத்திரி கேட் முன்னாடி ரோட்டைக் கடக்க ஒரு சிக்னல் எப்ப வரும்?"

அந்த இடத்தை நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அங்கே சாலை நல்ல அகலம், இறக்கம் வேறு. இந்தப் பக்கம் பஸ் ஸ்டாப், அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி கேட். அடுத்த சிக்னல் அரை கிலோமீட்டர் தள்ளி, தபால் நிலையத்தருகே. கட்டுப் போட்ட காலோடு பஸ்ஸில் வந்து இறங்கியவர் அதுவரை போய்த் திரும்பி வருவாரா? எக்ஸ்ரே உறையை மார்போடு அணைத்துக்கொண்டு, இரண்டு பஸ்களுக்கு நடுவில் தலையை நீட்டிப் பார்த்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். தினமும் என் கடைக்கு மருந்து வாங்க வருகிறவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டேதான் சீட்டை நீட்டுவார்கள்.

கேள்வி நியாயமானது. ஆனால் தேனீ வளர்ப்பவரிடம் கேட்டால் அவர் என்ன செய்வார்? அக்கா விடவில்லை. "தேனீ எவ்வளவு தூரம் போனாலும் பத்திரமா கூட்டுக்குத் திரும்பிடும்னு சொன்னீங்க. நம்ம ஜனங்க ஆஸ்பத்திரிக்குள்ள பத்திரமா போறதுக்கு..." என்று ஆரம்பித்தார். அந்த மனிதர் மலங்க மலங்க விழித்தார். வானியல் பாடம் எடுக்கும் வாத்தியார் ஒருவர், நட்சத்திர வெளிச்சம் நம்மிடம் வந்து சேர எத்தனையோ வருடம் ஆகும் என்று உருகி உருகிச் சொன்னார். அக்கா எழுந்தார். "அது வந்துடும் சார். ஆஸ்பத்திரி கேட்டுக்குச் சிவப்பு வெளிச்சம் வர எத்தனை வருஷம் ஆகும்?" கூடமே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தார்.

இப்படி ஏழு வருடம். கடைசியில், வரி அலுவலகத்திலிருந்து வந்த ஒரு பெரிய அதிகாரி அக்காவின் கேள்வியைக் கேட்டு முகம் சுருங்கி, பிளாஸ்க்கைக்கூட வாங்காமல் போய்விட்டார். அடுத்த வாரம் பல் டாக்டர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பேச்சாளரின் பொருளுக்குச் சம்பந்தமில்லாத ஆஸ்பத்திரி சிக்னல் கேள்வியை, டிரைவிங் ஸ்கூல் நடத்தும் உறுப்பினர் இனிமேல் கேட்கக் கூடாது. அதை என் கையால்தான் எழுதினேன். பொய் சொல்வானேன், எனக்கும் அலுத்துப் போயிருந்தது. கை தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

அக்கா படித்துப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

"சரிங்க. இனிமே நான் கேக்க மாட்டேன்."

அவ்வளவுதான். எழுந்து போய் டீயம்மாவின் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டார்.

டீயம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கூடத்தின் சமையலறையில் வியாழன்தோறும் டீ போடுகிறவர் அவர். ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவர், அங்கே படியில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, வலது காலை இழுத்து இழுத்து நடக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தோம். நாள் முழுக்க நின்று செய்யும் வேலை அதற்குப் பிறகு அவரால் முடியவில்லை. அக்காதான் அவரைக் கிளப்புக்குக் கூட்டிவந்தார். அவர் தட்டைத் தூக்கிக்கொண்டு நடக்க அக்கா ஒருநாள்கூட விட்டதில்லை. தானே வாங்கிக் கடைசி வரிசை வரை கொடுத்துவிட்டுத்தான் தன் டீயைக் குடிப்பார். நல்ல மனசு என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். சொல்லிக்கொண்டே டீயைக் குடிப்போம்.

தீர்மானத்துக்குப் பிறகு கூட்டங்கள் சுமுகமாக நடந்தன. அக்கா வாயைத் திறக்கவில்லை. பேச்சாளர்கள் மட்டும் வாரம் தவறாமல் வந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரி எலும்பு டாக்டர் ஒருவர் வந்து, எந்த வேகத்தில் கார் மோதினால் எந்த எலும்பு போகும் என்று மைக்கையும் மீறிக் கத்திப் பேசினார். "எங்க கேட்டுக்கு வெளியில அடிபட்டவங்க பல பேர் எப்படி ஆச்சுன்னே சரியா சொல்ல மாட்டாங்க. தவறி விழுந்தேன்னு சொல்வாங்க, நாங்களும் அப்படியே எழுதிடுவோம்," என்றார். கணக்கு வாத்தியார் ஒருவர் வந்து, கூட்டத்தை எண்ணுவது எப்படி என்று சொல்லிக் கொடுத்தார். அந்தப் பேச்சு எல்லோருக்கும் பிடித்துப்போய், செய்து பார்க்கலாம் என்று ஒரு சனிக்கிழமை கிளப் முழுவதும் பஸ் ஸ்டாப்பில் போய் நின்றது. பஸ் ஸ்டாப் எது என்று தேர்ந்தெடுத்தது அக்கா. ஒரு மணி நேரத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் சாலையைக் கடந்தார்கள். சொடுக்கினால் எண் ஏறும் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தைபோல எண்ணிக்கொண்டிருந்தவர் பல் டாக்டர்.

அப்புறம் சிக்னல் விளக்குகளைப் பழுது பார்க்கும் எலெக்ட்ரீஷியன் வந்தார். ஒரு கம்பத்துக்கு என்னென்ன வேண்டும் என்று பலகையில் வரைந்து காட்டினார். பஸ் டிரைவர் ஒருவர், இறக்கமான சாலையில் பிரேக் எவ்வளவு தாமதமாகப் பிடிக்கும் என்றார். வக்கீல் ஒருவர், அலுவலகம் பதில் சொல்லியே தீரவேண்டிய மனுவை எழுதுவது எப்படி என்று பேசினார். நான் எல்லாவற்றையும் ஒழுங்காக மினிட்ஸ் புத்தகத்தில் எழுதிக்கொண்டு வந்தேன், உள்ளே என்ன சேருகிறது என்று தெரியாத உண்டியலைப் போல.

வருடாந்திர அறிக்கைக்காக ஒரு மதியம் கடையில் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தை முதலிலிருந்து படித்தேன். நாற்பது பக்கம் தாண்டும்போது எனக்குச் சுருக்கென்றது. எத்தனை பேர் கடக்கிறார்கள், மோதினால் என்ன ஆகும், அந்த இடத்தில் வண்டி ஏன் நிற்காது, கம்பத்துக்கு என்ன வேண்டும், மனுவை யாருக்கு எப்படி எழுதுவது, எல்லாம் வரிசையாக, என் கையெழுத்தில். கல்லாவை உதவியாளரிடம் விட்டுவிட்டு நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் கார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வருஷமா எங்க எல்லாரையும் முட்டாளாக்கிட்டீங்க," என்றேன்.

"அண்ணே, கேள்வி கேக்கக் கூடாதுன்னுதானே எழுதினீங்க?"

"ஆமா."

"கேட்டேனா?"

கேட்கவில்லை. எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அந்த கேட் மேல உங்களுக்கு அப்படி என்னதான் பிடிவாதம்? யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

அக்கா துணியை உதறி மடித்தார். மறுபடி பிரித்தார். மறுபடி மடித்தார்.

"அதைச் சொல்ற உரிமை எனக்கு இல்லைண்ணே," என்றார்.

எனக்கும் ஒரு பிடிவாதம் உண்டு. எழுதினால் முழுசாக எழுதுவேன். அந்த வாரமே வக்கீல் சொன்ன முறைப்படி மனுவைத் தயார் செய்தேன். மினிட்ஸ் பக்கங்களை நகல் எடுத்துப் பின்னால் இணைத்தேன். பல் டாக்டரிடம் கொண்டுபோய் நீட்டினேன். அவர் ஒரு நோயாளியை வாய் திறந்தபடியே காக்கவைத்துவிட்டு, முழுவதும் படித்தார். "இதெல்லாம் நாம செஞ்சதா?" என்றார். எண்ணிக்கைப் பக்கம் வந்ததும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. கையெழுத்துப் போட்டார்.

மூன்று மாதம் கழித்து, சாலைத்துறையின் தலைமை இன்ஜினியர் எங்களிடம் பேச ஒத்துக்கொண்டார். அவர் மனைவி அக்காவிடம் ஓட்டக் கற்றவர். ரிவர்ஸ் எடுக்கும்போது கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

இன்ஜினியர் கையில் ஒரு கோப்போடு வந்தார். பாலங்களைப் பற்றிப் பேசினார். பத்தொன்பதாவது நிமிடத்தில் தானாகவே முடித்துவிட்டு உட்கார்ந்தார். மணிக்கு வேலை வைக்காத முதல் பேச்சாளர் அவர்தான். மனிதர் கறாரானவர் என்று அதிலேயே தெரிந்தது. கேள்வி நேரம் வந்தது. அக்கா கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தீர்மானம் இன்னும் அமலில்தான் இருந்தது. பல் டாக்டர் தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"சார், ஒரு கேள்வியை எங்க உறுப்பினர் ஒருத்தர் மட்டும் கேக்கக் கூடாதுன்னு தீர்மானம் போட்டிருக்கோம். மத்தவங்க கேக்கலாம்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "பெரிய ஆஸ்பத்திரி கேட் முன்னாடி ரோட்டைக் கடக்க ஒரு சிக்னல் எப்ப வரும்?"

ஏழு வருடம் கேட்டுக் கேட்டுப் புளித்த வாக்கியம். அன்றைக்கு அதை ஒரு எழுத்து விடாமல் மினிட்ஸ் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன்.

இன்ஜினியர் கோப்பைத் திறந்தார். "உங்க மனுவைப் படிச்சேன். இவ்வளவு சுத்தமா ஒரு மனு என் மேஜைக்கு வந்ததே இல்லை. ஆனா இதுக்கு முன்னாடி முப்பத்தாறு இடம் வரிசையில நிக்குது. ஆள் அடிபட்ட இடத்துக்குத்தான் முதல்ல. அந்த கேட் முன்னாடி பத்து வருஷத்துல ஒரு விபத்துகூடப் பதிவாகலை. போலீஸ்லயும் இல்லை, ஆஸ்பத்திரியிலயும் இல்லை. ஒண்ணே ஒண்ணு இருந்தா சொல்லுங்க, இப்பவே எழுதிக்கறேன். இல்லைன்னா நான் என்ன செய்ய முடியும்?"

அக்கா எழுந்து நின்றார். வாயைத் திறந்தார். சமையலறைக் கதவைப் பார்த்தார். திறந்த வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் கழுத்தில் தொங்கிய ஸ்டாப்வாட்ச்சை விரல்கள் இறுக்கிப் பிடித்திருந்தன.

"இல்லைன்னா அடுத்த கேள்விக்குப் போகலாம்," என்றார் இன்ஜினியர்.

சமையலறையில் தட்டைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. டீயம்மா வந்தார். காலை இழுத்து இழுத்து, நாற்காலி வரிசைக்கு நடுவே, நேராக மேஜை வரைக்கும். தட்டில்லாமல் அவர் கூடத்துக்குள் வந்து யாரும் பார்த்ததில்லை. எதற்கு வருகிறார் என்று தெரியாமல் எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தோம். மைக் விசிலடித்தது. அதைப் புறங்கையால் தள்ளிவிட்டார்.

"ஒண்ணு இருக்குங்க. நான்தான்."

இன்ஜினியர் பேனாவை எடுத்தார்.

"ஒம்பதரை வருஷம் ஆச்சு. டூட்டி நேரத்துல சொல்லாம கொள்ளாம வெளிய வந்தேன். என் தங்கச்சி பஸ் ஸ்டாப்புல நின்னா, அவகிட்ட வீட்டுச் சாவியைக் குடுக்கணும். குடுத்துட்டுத் திரும்பி ஓடி வரும்போது கார் அடிச்சுது. வெளிய வந்தது தெரிஞ்சா என் வேலை போயிடும். அதனால உள்ள படியில விழுந்தேன்னு சொல்லிட்டேன். அப்படியே எழுதிக்கிட்டாங்க." அக்காவைக் கையால் காட்டினார். "அவங்கதான் என்னைத் தூக்கிட்டுப் போனாங்க. போலீஸுக்குப் போய் எல்லாத்தையும் சொல்றேன்னு நின்னாங்க. நான்தான் கையைப் பிடிச்சுக்கிட்டு வேண்டாம்னேன். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினேன். இன்னிக்கு வரைக்கும் காப்பாத்தறாங்க. போதும்மா. நீங்களும் சொல்லிடுங்க."

அக்கா எழுந்தார்.

"கார் என்னோடது. ஓட்டினது கத்துக்க வந்த பொண்ணு, அவ மேல தப்பில்லை. ரெண்டாவது பிரேக்ல இருந்தது என் கால். அரை செகண்ட் தாமதமா மிதிச்சேன். எழுதிக்கோங்க சார்." என் பக்கம் திரும்பினார். "நீங்களும் எழுதுங்கண்ணே."

எழுதினேன். கேள்வி நேரம் பத்து நிமிடத்தைத் தாண்டி வெகு நேரமாகிவிட்டிருந்தது. பல் டாக்டரின் கை மணிக்குப் பக்கத்தில் இருந்தது, ஆனால் அடிக்கவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். 'ரெண்டாவது பிரேக்' என்ற பட்டப்பெயரை அந்த நாளுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது. நானூறு பேருக்கு மேல் எங்களிடம் வந்து பேசியிருக்கிறார்கள். அத்தனை பேருடைய தொழில், பொருள், நேரம் எல்லாம் எழுதிவைத்திருக்கிறேன். வாராவாரம் எனக்குச் சர்க்கரை குறைவாக டீ போட்டுத் தந்த மனுஷியிடம், காலுக்கு என்ன ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேள்வி கேட்பதற்கென்றே நேரம் ஒதுக்கி வைத்திருக்கிற கிளப் எங்களுடையது.

இன்ஜினியர் எழுதி முடித்து, இருவரிடமும் கையெழுத்து வாங்கினார். "அம்மா, இதை நான் போலீஸுக்கும் அனுப்பியாகணும். உங்க ஸ்கூல் லைசென்ஸ் விஷயத்துல என்னால எதுவும் செய்ய முடியாது," என்றார் அக்காவிடம்.

"தெரியும் சார். பிளாஸ்க் வாங்கிக்கோங்க."

லைசென்ஸை ஆறு மாதம் நிறுத்தி வைத்தார்கள். டிரைவிங் ஸ்கூல் பலகையை அக்காவின் கணவர் கழற்றி, பட்டறைக்குக் கொண்டுபோய், ஆணியெல்லாம் எடுத்துச் சுத்தமாகத் துடைத்துச் சுவரில் சாய்த்து வைத்தார். "ஆறு மாசம்தானே," என்றாராம். அன்றைய கணக்கில் அதுவே பெரிய பேச்சு. டீயம்மாவுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து கண்டித்து ஒரு கடிதம் வந்தது. அவர் அதைச் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டார். கிளப்பின் நல்ல பெயர் கெட்டுவிடும், அக்கா கொஞ்ச நாள் ஒதுங்கியிருக்கட்டும் என்று பர்னிச்சர் கடைக்காரர் இழுத்தார். நான் மினிட்ஸ் புத்தகத்தை மேஜையில் ஓங்கி அடித்தேன். "அப்போ முதல்ல என்னை நீக்குங்க," என்றேன். அதே கூட்டத்தில் டீயம்மாவை உறுப்பினராகச் சேர்க்க முன்மொழிந்தேன். பதினாறு கை உயர்ந்தது. பதினேழாவது கை கொஞ்சம் தாமதமாக உயர்ந்தது, பர்னிச்சர் கடைக்காரருடையது.

அந்த ஆறு மாதமும் ஒரு வியாழன்கூடத் தவறவில்லை. கார் இல்லாததால் அக்கா பஸ் ஸ்டாப்பில் நின்று பேச்சாளர் பிடித்தார். பஸ் வருவதற்குள் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதால் அங்கேயும் யாருக்கும் தப்ப வழியில்லை. ஏழாவது மாதம் பலகை மறுபடி ஏறியது. பழைய கூட்டம் வரவில்லை. பாதிப் பேர்தான் வந்தார்கள். அக்கா அந்தப் பாதிப் பேரையும் பிரேக்கை நூறு தடவை மிதிக்கவைத்தார்.

பதினோராவது மாதம் சிக்னல் வந்தது. ஒரு புதன்கிழமை காலை முதல்முதலாக விளக்கு எரிந்தபோது, கிளப் முழுவதும் பஸ் ஸ்டாப்பில் நின்றது. பல் டாக்டர் தன் எண்ணும் கருவியையும் கொண்டுவந்திருந்தார். முதலில் டீயம்மாதான் கடக்க வேண்டும் என்று முடிவாகியிருந்தது. புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார். பச்சை விழுந்தது. அவர் காலடி எடுத்துவைத்தார். நாங்கள் கை தட்டினோம். அக்கா மட்டும் தட்டவில்லை, ஸ்டாப்வாட்ச்சை அழுத்தியிருந்தார்.

டீயம்மா நிதானமாகத்தான் போனார். அவரால் வேறெப்படிப் போக முடியும்? முக்கால் சாலையைக் கடந்தபோது விளக்கு மாறியது. வண்டிகள் உறுமின. எங்கள் கைதட்டல் பாதியில் நின்றது. அக்கா நடைபாதையிலிருந்து இறங்கி ஓடினார். டீயம்மாவைத் தாண்டிப் போய், முன்னால் நின்ற பஸ்ஸுக்கு நேர் எதிரே நின்று, உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினார். டிரைவர் ஹாரனை அடித்தார். அக்கா நகரவில்லை. இன்னொரு ஹாரன், அப்புறம் நான்கைந்து. டீயம்மாவின் கால் அந்தப் பக்க நடைபாதையில் ஏறியதும்தான் அக்கா ஸ்டாப்வாட்ச்சை நிறுத்தினார். திரும்பி எங்கள் பக்கம் வந்தார்.

"பச்சை இருபத்திரண்டு செகண்ட். அவங்களுக்கு முப்பத்தொண்ணு வேணும்."

"அதான் சிக்னல் வந்துடுச்சேம்மா," என்றார் பல் டாக்டர் பாவமாக.

"உங்களுக்கு வந்துடுச்சு. அவங்களுக்கு இன்னும் வரலை," என்ற அக்கா என்னைப் பார்த்தார். "அண்ணே, இன்ஜினியரைத் திரும்பக் கூப்பிடணும். பிளாஸ்க் இருக்கா?"

"இருக்கு."

எதிர்ப்பக்கம் ஆஸ்பத்திரி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற டீயம்மா, வாயருகே கையைக் குவித்துக்கொண்டு கத்தினார். "இந்தத் தடவை கேள்வியை நான் கேக்கறேன்! நீங்க டீ போடுங்க!"

அடுத்த வியாழன் அக்கா போட்ட டீயில் சர்க்கரையே இல்லை. இன்ஜினியர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் குடித்துக்கொண்டு, டீயம்மா சொல்லச் சொல்ல, முப்பத்தொன்று என்று எழுதிக்கொண்டார்.